‘பிளாக்லிஸ்ட் நீக்கித் தருகிறோம்’: சிங்கப்பூரில் இந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாமா?

“வங்கி கடன் தர மறுத்துவிட்டதா? பெயர் பிளாக்லிஸ்டில் மாட்டிக்கொண்டதா? 14 நாளில் சுத்தம் செய்து தருகிறோம். வேலை அனுமதி அட்டைக்காரர்களும் வரலாம்.” வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இப்படிப்பட்ட செய்திகள் ஓயாமல் சுற்றுகின்றன. சிலர் ‘கிரெடிட் ரிப்பேர்’ என்கிறார்கள், சிலர் ‘கிரெடிட் கிளீன்-அப்’, சிலர் ‘லோன் கன்சல்டன்சி’. பெயர் எதுவானாலும் கேட்பது ஒன்றே: முதலில் பணம், பிறகு வேலை.

இங்கே எடைபோடுவது தனியொரு கடையை இல்லை. இந்த வகைச் சேவை மொத்தத்தையும்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு கொடுக்கத் தகாது. இவர்கள் விற்பது மூன்று சரக்கு. ஒன்று யாராலும் செய்ய முடியாதது. இன்னொன்று நீங்களே பத்து வெள்ளிக்குள் செய்துகொள்ளக்கூடியது. மூன்றாவது, புதிதாக இன்னொரு கடன். இதில் போகும் கட்டணத்தைவிடப் பெரிய ஆபத்து, வழியில் அவர்கள் கேட்டு வாங்கும் சிங்பாஸ், அதாவது உங்கள் மின்னிலக்க அடையாளக் கணக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் சரக்கு: உண்மையான பதிவை அழிப்பது

சிங்கப்பூரில் வங்கிகள் பெரும்பாலும் பார்ப்பது கிரெடிட் பியூரோ சிங்கப்பூர், சுருக்கமாக சிபிஎஸ், தரும் கடன் அறிக்கையை. அந்த அறிக்கையில் இருக்கும் கணக்கு விவரங்களை சிபிஎஸ் தானாக எழுதுவதில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் வாடிக்கையாளரின் விவரத்தை அனுப்புகிறது. சிபிஎஸ் தொகுத்துக் கொடுக்கிறது. ஆகவே சரியாகப் பதிவான தாமதத்தை சிபிஎஸ்-உம் நீக்காது, வங்கியும் நீக்காது. வெளியில் இருக்கும் ஒரு ‘கன்சல்டன்ட்’ அதற்குள் கைவைக்க வழியே கிடையாது. ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று பொய் சொல்கிறார், அல்லது குற்றத்துக்கு உங்களைக் கூட்டுச் சேர்க்கிறார்.

‘பிளாக்லிஸ்ட்’ என்ற ஒரு பட்டியலும் அங்கு இல்லை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று சிபிஎஸ் சொல்வதும் இல்லை. அறிக்கையைப் படித்து ஒவ்வொரு வங்கியும் தன் அளவுகோலின்படி முடிவெடுக்கிறது. இல்லாத பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதற்குத்தான் பணம் வாங்குகிறார்கள்.

பதிவுகளுக்கு ஆயுள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று அங்கேயே விழுந்துவிடும். நீங்கள் கடனுக்கு விண்ணப்பித்த விவரம், அதாவது ‘என்குவைரி’, இரண்டு ஆண்டு நிற்கும். கட்டாமல் விட்ட கடன் ‘டிஃபால்ட்’ ஆகப் பதிவாகி, பிறகு அடைக்கப்பட்டால், அடைத்த பிறகு மூன்று ஆண்டு நிற்கும். அடைக்காதவரை போகவே போகாது. திவால் பதிவு, விடுவிக்கப்பட்ட பிறகும் ஐந்து ஆண்டு நிற்கும்.

இந்த ஆயுள் கணக்கை வைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. ஒருவர் தன் டிஃபால்ட் கடனை 2023 மார்ச்சில் அடைத்திருந்தால் அந்தப் பதிவு 2026 மார்ச்சு வாக்கில் தானாகவே உதிரும். அவர் 2026 ஜனவரியில் ஒரு ‘கிரெடிட் ரிப்பேர்’ ஆளிடம் போய் 1,500 வெள்ளி கட்டினால், இரண்டு மாதம் கழித்து அறிக்கை சுத்தமாக வரும். காலண்டர் செய்த வேலைக்கு அந்த ஆள் கூலி வாங்கிக்கொள்வார். வாடிக்கையாளரும் மனநிறைவோடு நான்கு பேரிடம் சொல்வார். நல்ல பெயர் எடுத்த சேவைகளைப் பற்றி நண்பர்கள் சொல்லும்போது, அடைத்த தேதி என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சரக்கு: ‘டிஸ்பியூட்’ கடிதம்

பதிவு தவறு என்று மறுத்து எழுதும் கடிதம் இது. யூடியூப் பார்த்து இந்த வழிக்கு வருபவர்கள் அதிகம். அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. ‘609 கடிதம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அது அமெரிக்காவின் ‘ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட்’ சட்டத்தின் 609ஆம் பிரிவு. நுகர்வோர் தன் கோப்பில் இருப்பதைக் காட்டும்படி கேட்கும் உரிமையைப் பற்றிய பிரிவு அது. சரியான பதிவை அழிக்கும் மந்திரம் அங்கேயே கிடையாது. சிங்கப்பூர் வங்கிக்கு அந்தக் கடிதத்தை அனுப்பினால் அதற்குச் சட்டப்படி எந்தப் பொருளும் இல்லை. அப்படிப்பட்ட வார்ப்புக் கடிதங்களை இங்கே ஒன்று 50 வெள்ளி, 100 வெள்ளி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

‘புது கிரெடிட் எண் வாங்கித் தருகிறோம், பழைய வரலாறு ஒட்டாது’ என்பதும் அங்கிருந்து வந்த மோசடிதான். இங்கே அறிக்கை உங்கள் அடையாள அட்டை எண்ணோடு, வெளிநாட்டவருக்கு ‘ஃபின்’ எண்ணோடு கட்டப்பட்டது. வேறொரு எண்ணை எழுதிக் கடன் விண்ணப்பம் போட்டால் அது ஏமாற்றுக் குற்றம். மாட்டுவது விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட நீங்கள்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே 1996 முதல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. சொன்ன வேலையை முடிக்கும்முன் கட்டணம் வாங்கக்கூடாது, கையெழுத்திட்ட மூன்று வேலை நாளுக்குள் வாடிக்கையாளர் ரத்துசெய்யலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பாதுகாப்பை நம்பி இங்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இங்கே உங்களைக் காப்பது வேறு சட்டங்கள்.

உண்மையான பிழையைத் திருத்துவது மட்டும் நியாயமான வேலை. அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம்.

அறிக்கையை வாங்குவதும் படிப்பதும்

சிபிஎஸ் இணையத்தளத்தில் உங்கள் சிங்பாஸ் கொண்டு நீங்களே நுழைந்து அறிக்கையை வாங்கலாம். விலை பத்து வெள்ளிக்கும் குறைவு. அண்மையில் ஒரு வங்கியிடம் கடனோ கடன்பற்று அட்டையோ கேட்டு விண்ணப்பித்திருந்தால், ஏற்பு அல்லது மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஒரு பிரதி இலவசமாகவே கிடைக்கும். மறுப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். இலவச அறிக்கைக்கு அதுதான் சீட்டு. உங்கள் அறிக்கையை நீங்களே வாங்கிப் பார்ப்பதால் புள்ளி குறையாது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் எல்லாரும் தேடுவது புள்ளியை. அது 1000 முதல் 2000 வரை போகும். 1911-ம் அதற்கு மேலும் ‘ஏஏ’ தரம், 1723-ம் அதற்குக் கீழும் ‘எச்எச்’. போதிய கடன் வரலாறு இல்லாதவருக்கு எண்ணுக்குப் பதிலாக ஒரு குறி மட்டும் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளையர்கள் அதைப் பார்த்து, தங்கள் பெயர் கெட்டுவிட்டது என்று பயந்து ரிப்பேர்க்காரரைத் தேடிப் போகிறார்கள். அது கெட்ட பெயர் இல்லை. வரலாறு இல்லை என்று மட்டுமே பொருள்.

என்னைக் கேட்டால் புள்ளியைவிட முக்கியமான இடம், உள்ளே இருக்கும் கணக்கு நிலவரப் பட்டியல். ஒவ்வொரு அட்டைக்கும் கடனுக்கும் ஒரு வரி. அந்த வரியில் மாதத்துக்கு ஓர் எழுத்து, மொத்தம் பன்னிரண்டு மாதம். ‘ஏ’ என்றால் நேரத்துக்குக் கட்டியது, அல்லது தாமதம் 30 நாளை எட்டாதது. ‘பி’ 30 முதல் 59 நாள். ‘சி’ 60 முதல் 89. ‘டி’ 90 நாளும் அதற்கு மேலும். ஒரு வரியில் ஒன்பது ‘ஏ’, நடுவில் ஒரு ‘பி’, ஒரு ‘சி’, பிறகு மீண்டும் ‘ஏ’ என்று இருந்தால், அந்த ஆள் இரண்டு மாதத்துக்கும் மேல் தவறவிட்டு, பிறகு கட்டி முடித்திருக்கிறார் என்று வங்கி அதிகாரி ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

இந்தப் பன்னிரண்டு எழுத்துக்குள்தான் ‘ரிப்பேர்’ அத்தனையும் இருக்கிறது. இன்று முதல் மாதம் தவறாமல் கட்டினால் ஒவ்வொரு மாதமும் புது ‘ஏ’ ஒன்று சேரும், பழைய எழுத்து ஒன்று வெளியே போகும். ஓராண்டில் வரி முழுக்க ‘ஏ’. டிஃபால்ட் வரை போகாத யாருக்கும் இதைவிட வேகமான வழி கிடையாது. இதைவிட மலிவான வழியும் கிடையாது.

கடனில் மூழ்காத ஆட்களுக்கும் ‘பி’, ‘சி’ விழுவது எப்படி? பெரும்பாலும் சின்னக் காரணங்கள்தான். பயன்படுத்தாத அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் ஏறியிருக்கும்; அறிக்கைத் தாள் பழைய முகவரிக்குப் போயிருக்கும்; கட்டணத்துக்கு மேல் தாமதக் கட்டணம், அதற்கு வட்டி என்று ஓடியிருக்கும். அட்டை வேண்டாமென்றால் வெட்டிக் குப்பையில் போட்டால் போதாது. வங்கியிடம் சொல்லிக் கணக்கை மூடி, மூடியதற்கு உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். இன்னொன்று ஜைரோ, வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் ஏற்பாடு. சம்பளம் 7ஆம் தேதி விழும், ஜைரோ 3ஆம் தேதி இழுக்கும்; கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும். கட்டணத் தேதியைச் சம்பளத்துக்குப் பின் தள்ளித் தரும்படி வங்கியிடம் கேளுங்கள், ஒரு தொலைபேசி அழைப்பில் முடியக்கூடிய காரியம்.

அடுத்து ‘என்குவைரி’ பகுதியைப் பாருங்கள். இங்கேதான் ரிப்பேர்க்காரர்கள் நேரடியாகத் தீங்கு செய்கிறார்கள். ‘எந்த வங்கி கொடுக்கும் என்று பார்ப்போம்’ என்று சொல்லி ஒரே வாரத்தில் ஐந்தாறு வங்கிகளுக்கு உங்கள் பெயரில் விண்ணப்பம் தட்டிவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு பதிவு. இந்த ஆள் பணத்துக்கு அலைகிறார் என்று அடுத்த வங்கி எண்ணிக்கொள்ளும், புள்ளியும் இறங்கும். பெயரைச் சரிசெய்யப் போனவர் முன்னிருந்ததைவிட மோசமான அறிக்கையோடு வெளியே வருவார்.

இந்த அறிக்கைச் சேவையில் குறையும் உண்டு. ஆங்கிலத்தில்தான் வருகிறது, குறியீடுகள் நிறைய. பெற்றோருக்கோ புதிதாக வந்த ஊழியருக்கோ தனியாகப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். இந்த இடைவெளியில்தான் தமிழ் பேசும் தரகர் நுழைகிறார். குடும்பத்தில் ஆங்கிலம் படித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மேலே சொன்ன எழுத்துகளை விளக்கினால் தரகர் தேவைப்பட மாட்டார்.

பிழை இருந்தால்

அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுவது, மூடிய அட்டை திறந்திருப்பது, உங்களுடையதே அல்லாத கணக்கு வந்து நிற்பது, இவை உண்மையான பிழைகள். இவற்றைத் திருத்திக் கேட்பது உங்கள் உரிமை. 2016ஆம் ஆண்டின் கிரெடிட் பியூரோ சட்டம் 2021 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. கடன் பியூரோக்கள் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமத்தின் கீழ் வந்துவிட்டன.

தகவலைக் கொடுத்த வங்கிக்கே முதலில் எழுதுங்கள். அட்டை அல்லது கணக்கின் கடைசி நான்கு எண்கள், அறிக்கையின் தேதி, எந்த மாதத்தில் எந்த எழுத்து தவறு, நீங்கள் கட்டிய தேதி, தொகை, ரசீது எண், இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். அடைத்ததற்கான கடிதத்தின் நகலை இணையுங்கள். ‘என் ஸ்கோரை ஏற்றித் தாருங்கள்’ என்று எழுதினால் எதுவும் நடக்காது; ‘இந்தக் கணக்கை இன்ன தேதியில் முழுமையாக அடைத்தேன், பதிவு பாக்கி என்று காட்டுகிறது, திருத்தவும்’ என்று எழுத வேண்டும். அதையே சிபிஎஸ்-க்கும் அனுப்புங்கள். அவர்கள் வங்கியிடம் சரிபார்க்கச் சொல்வார்கள். திருத்தம் முடிந்ததும் புது அறிக்கை எடுத்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சிக்கல் வழக்கமாக ஆவணத்தில் வருகிறது. கடன் வசூல் நிறுவனத்திடம் பணத்தைக் கட்டிவிட்டு, ‘பாக்கி ஏதும் இல்லை’ என்ற கடிதத்தை வாங்காமல் வந்துவிடுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்கூட இருக்காது. பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு முடித்தால் அது முழுமையாக அடைத்ததாகப் பதிவாகாது, பேசித் தீர்த்ததாகத்தான் பதிவாகும். 8,000 வெள்ளிக் கடனை 5,000-க்கு முடித்துத் தருகிறேன் என்று தரகர் சொல்லும்போது இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. மிச்சம் பிடித்த தொகைக்காக அந்தப் பதிவை ஏற்பதா என்பது உங்கள் முடிவு, தெரிந்து எடுங்கள்.

வங்கி மசியவில்லை என்றால் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் போங்கள். அங்கும் தீராவிட்டால் ‘ஃபிட்ரெக்’ என்ற நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்தை அணுகலாம்.

மூன்றாவது சரக்கு: இன்னொரு கடன்

‘பழைய பாக்கியை அடைத்தால்தான் பெயர் சுத்தமாகும், அதற்கு நாங்களே ஒரு கடன் ஏற்பாடு செய்கிறோம்’ என்று பேச்சு திரும்பும்போது எழுந்து வந்துவிடுங்கள். இங்கிருந்து பாதை நேராக, உரிமமில்லாமல் கடன் கொடுக்கும் கடன்முதலையிடமோ, பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடும் மோசடிக்காரரிடமோ போகிறது.

உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி, கதவிடுக்குத் துண்டுச்சீட்டு எதிலும் விளம்பரம் செய்ய முடியாது. வணிகத் தொகுப்பேடு, தங்கள் சொந்த இணையத்தளம், தங்கள் கடையின் உட்புறமும் வெளிப்புறமும், அவ்வளவுதான் அனுமதி. கடன் கொடுக்கும்முன் உங்களைக் கடையில் நேரில் பார்த்தாக வேண்டும். கடன் தருமுன் ‘ஜிஎஸ்டி கட்டு’, ‘முன்பணம் போடு’ என்று கேட்கக்கூடாது. அடையாள அட்டையையோ வேலை அனுமதி அட்டையையோ கடவுச்சீட்டையோ பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது. இவற்றில் ஒன்று பிசகினாலும் வேறு கேள்வி வேண்டாம்.

மோசடிக்காரர்கள் உண்மையான கடன்கொடுப்போரின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் சரிபார்த்தால் போதாது. சட்ட அமைச்சின் கடன்கொடுப்போர் பதிவகப் பட்டியலில் இருக்கும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எடுத்து, அந்த எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். செய்தியில் வந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். ‘எங்களுக்கு யுஇஎன் (நிறுவனப் பதிவு எண்) இருக்கிறது, அக்ராவில் பாருங்கள்’ என்பதும் ஒரு தந்திரம். அக்ரா என்பது நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு ஆணையம். அக்ரா பதிவு, ஒரு நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். கடன் கொடுக்கும் உரிமம் வேறு.

உரிமம் உள்ளவரிடம் வாங்கினாலும் உச்சவரம்பு தெரிந்திருக்கட்டும். வட்டி மாதம் 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாமதமானால் மாதம் 60 வெள்ளிக்கு மேல் கட்டணம் கூடாது. தொடக்கத்தில் பிடிக்கும் நிர்வாகக் கட்டணம் கடன் தொகையில் 10 விழுக்காட்டுக்குள். வட்டி, தாமத வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்தும் வாங்கிய முதலைத் தாண்டக்கூடாது. 1,000 வெள்ளி வாங்கினால் கையில் 900 வரலாம். எவ்வளவு இழுத்தாலும் முதலுக்கு மேல் 1,000 வெள்ளியோடு நின்றாக வேண்டும்.

ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் கீழுள்ள வெளிநாட்டு ஊழியருக்கு, எல்லாக் கடன்கொடுப்போரிடமும் சேர்த்து, பிணையில்லாக் கடன் 500 வெள்ளிக்கு மேல் சட்டப்படி கிடைக்காது. வருமானம் 10,000-லிருந்து 20,000-க்குள் என்றால் 3,000 வெள்ளி. மாதம் 800 வெள்ளி சம்பளம் வாங்கும் தம்பிக்கு ‘5,000 உடனே, சம்பளச் சீட்டு வேண்டாம்’ என்று செய்தி வந்தால் அது சட்டவிரோதம் என்று கணக்கிலேயே தெரிந்துவிடும். விடுதியில் கூட இருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்லி வையுங்கள்.

சிங்பாஸைக் கொடுக்காதீர்கள்

‘அறிக்கை எடுக்க வேண்டும், சிங்பாஸ் கொடுங்கள்’ என்று இயல்பாகக் கேட்பார்கள். அதை வைத்து உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், கைப்பேசிச் சந்தா எடுக்கலாம். அந்தக் கணக்கு வழியே மோசடிப் பணம் ஓடினால் காவல்துறை முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில். 2024 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த கணினித் தவறாகப் பயன்படுத்தல் சட்டத் திருத்தத்தின்படி, குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ சிங்பாஸ் விவரத்தைப் பிறருக்குக் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வங்கிக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் கடன்முதலை கைக்குப் போனால் இன்னும் கடுமை: சட்டவிரோதக் கடன் தொழிலுக்கு உதவியவர் முதல் முறையே 30,000 முதல் 300,000 வெள்ளி அபராதம், நான்காண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை சந்திக்கலாம். ‘எனக்குத் தெரியாது, பெயரைச் சரிசெய்யத்தான் கொடுத்தேன்’ என்று விளக்கும் நிலைக்கே போகக்கூடாது.

காசுக்குத் தகும் சேவைகள்

கடன் உண்மையிலேயே கைமீறிவிட்டது என்றால் முதலில் போக வேண்டிய இடம் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர். 2004 முதல் இயங்கும் அறநிறுவனம், தொலைபேசி 6225 5227. கடன் பற்றிய விளக்க உரையை இலவசமாக நடத்துகிறார்கள். பிறகு ஆலோசகர் உங்கள் வரவு செலவைப் பிரித்துப் பார்த்து, தகுந்தால் எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே தவணைத் திட்டம் முன்வைப்பார். அவர்கள் கடன் தருவதில்லை. ஏற்பதா வேண்டாமா என்பது வங்கிகள் கையில். திட்டத்தில் இருக்கும்வரை அட்டைகளைப் பயன்படுத்த முடியாது, மறுசீரமைப்பு அறிக்கையிலும் தெரியும். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கைகள் எல்லாவற்றையும் நீங்களே திரட்ட வேண்டும், பொறுமை வேண்டும். தரகர் ‘நாங்கள் வங்கியோடு பேசுகிறோம்’ என்று ஆயிரக்கணக்கில் கேட்பது இந்த வேலைக்குத்தான். தரகரைப் போல அல்லாமல், முடியாததை முடியாது என்று இவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த ஒன்றுக்காகவே முதல் மதிப்பெண் கொடுக்கிறேன்.

குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிணையில்லாக் கடன் மாத வருமானத்தைப் போல 12 மடங்கைத் தாண்டிவிட்டால் வங்கிகளின் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 20,000-க்கும் 120,000-க்கும் இடையில் இருக்க வேண்டும். நேரே வங்கியில் விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் வேண்டாம். திவால் மனு வரை போய்விட்டவருக்கு, கடன் 150,000 வெள்ளியைத் தாண்டாமல் நிலையான வருமானமும் இருந்தால், ஐந்தாண்டுக்குள் கட்டித் திவாலைத் தவிர்க்கும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்தைச் சட்ட அமைச்சு நடத்துகிறது. உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் சிக்கியவர்களுக்கு உதவும் சமூக சேவை அமைப்புகளின் பெயர்களும் அந்த அமைச்சின் இணையத்தளத்தில் உள்ளன.

ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால்

ஒப்பந்தத்தை எடுத்து வைத்துப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் ‘100 விழுக்காடு உத்தரவாதம்’ என்றிருப்பார்கள். தாளில் ‘விளைவுக்கு உத்தரவாதம் இல்லை, கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று இருக்கும். தாள்தான் சட்டம் என்று மிரட்டுவார்கள். அஞ்ச வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டப்படி பொய்யான கூற்று நியாயமற்ற நடைமுறை. இந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்த வாசகத்தால் பறிக்க முடியாது. பேரத்தின் தன்மையோ மொழியோ புரியாதவர் என்று தெரிந்தே அவரைப் பயன்படுத்திக்கொள்வதும் அதே சட்டத்தில் நியாயமற்ற நடைமுறைதான். ஆங்கில ஒப்பந்தத்தில் விளக்காமல் கையெழுத்து வாங்கப்பட்ட தமிழ் ஊழியருக்கு இந்த வரி பெரிய பிடிமானம்.

வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ அழைக்காமலே வந்து கையெழுத்து வாங்கியிருந்தால், ஐந்து நாளுக்குள் எழுத்துமூலம் ரத்துசெய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. நீங்களாக அவர்கள் அலுவலகத்துக்குப் போயிருந்தால் இந்த ரத்துரிமை பொருந்தாது. அதனால்தான் ‘அலுவலகத்துக்கு வாருங்கள்’ என்று அழைத்தால் பணப்பையையும் பேனாவையும் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்க முதலில் நிறுவனத்துக்குத் தேதி குறித்து ஒரு மின்னஞ்சல். பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸ். தலையிட்டுப் பேச அவர்களுக்கு ஒரு கட்டணம் உண்டு. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை, அங்கே கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் தாக்கல் கட்டணம் 10 வெள்ளி. 10,000 வரை 20 வெள்ளி. வழக்கறிஞர் வர முடியாது, அவர்கள் பக்கமும் வர முடியாது. எடுத்துப் போக வேண்டியவை: ஒப்பந்தம், பணம் அனுப்பிய பேநவ் பதிவு, வாக்குறுதி தந்த வாட்ஸ்அப் படங்கள் தேதியும் எண்ணும் தெரியும்படி, சேவைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு சிபிஎஸ் அறிக்கைகள். அந்த இரண்டு அறிக்கையிலும் ஒரு மாற்றமும் இல்லை என்பதைவிட வலுவான சான்று தேவையில்லை.

பேநவ் பணம் நிறுவனத்தின் யுஇஎன்-க்குப் போகாமல் தனியாளின் கைப்பேசி எண்ணுக்குப் போயிருந்தால் காத்திருக்காதீர்கள். அது மோசடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிமிடமே உங்கள் வங்கியின் மோசடி எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள். சிங்பாஸ் விவரம் போயிருந்தால் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. கடன்முதலை தொல்லைக்கு 1800 924 5664. ஒரு கடன்கொடுப்பவர் உரிமம் உள்ளவரா என்று கேட்கவும், உரிமம் உள்ளவர் விதி மீறினால் சொல்லவும் பதிவகத்தின் எண் 1800 2255 529.